கருப்பொருளும் உரிப்பொருளும்

பிரிவுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. ஓதற்குப் பிரிதல், தூதிற் பிரிதல், பொருள்வயிற் பிரிதல் என்று வகைப்படுத்தி, யார் பிரியலாம், எத்துணைக் காலம் பிரியலாம், பிரிந்தபின் யார் ஆற்றியிருத்தல் வேண்டும் என்றெல்லாம் நம் இலக்கணகாரர் ஆராய்ந்தனர். கடல் கடந்து செல்லுங்கால் பெண்ணை உடன்கொண்டு செல்லுதல் வழக்கமன்று என்பதும் தொல்காப்பியர் கூறிய விதியே. ஆயினும், பிரிந்தவன் போய்ச் சேர்ந்த நாட்டில் முன்பே வாழ்ந்துகொண்டிருந்த மக்கள் யாவர், அவன் வரவினால் அவர்க்கு நேர்ந்தது யாது என்ற வினா நம் அகப்பொருள் நூல்களில் எழவில்லை. பிரிந்தவனும் பிரிவை ஆற்றியிருப்பவளுமே அங்குப் பேசுவர். சென்ற நாடு திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் தீவுக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரிமாரும் அவர்தம் மனைவியரும் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படிக்கும்போது இக்குறை வேறொரு வடிவில் நம்மை எதிர்கொள்கிறது. இவர்களைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் உண்டு. கல்வியும் அச்சும் மருத்துவமும் தந்த புண்ணியவான்கள் என்று போற்றுவது ஒரு கட்சி. மதம் மாற்ற வந்த ஏகாதிபத்தியக் கையாட்கள் என்று தூற்றுவது மற்றையது. இரு சாராரும் அவர்களுடைய செய்கைகளை எடைபோட்டனரேயன்றி, எழுத்தை எழுத்தாகப் படித்தாரல்லர். ஒரு சமூகத்தின் மனோபாவத்தை அதன் செய்கையைக் காட்டிலும் அதன் எழுத்து சில வேளைகளில் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய வாசிப்பொன்றையே இங்கு நாம் முயல்கிறோம். வன்னி மண்ணிலிருந்துகொண்டு இம்முயற்சியில் இறங்குவதற்குக் காரணம் உண்டு. அது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

இவ்வகை எழுத்தின் தோற்றுவாய் ஒரு மரணத்தில் இருக்கிறது. 1810இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் அமெரிக்க அந்நிய மிஷன் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கம் 1812இல் அனுப்பிய முதற் குழுவினருள் ஹரியற் நியூவெல் என்னும் இளம் பெண்ணும் ஒருவர். கல்கத்தாவில் இறங்கிய அவர்களைக் கிழக்கிந்தியக் கம்பனி தங்க விடவில்லை. வணிகத்துக்கு இடையூறு நேருமென்று அஞ்சிய கம்பனிக்கு அந்நாளில் பாதிரிமார் வேண்டாத விருந்தாளிகளாகவே இருந்தனர். மொரீசியசுத் தீவை நோக்கிச் சென்ற கப்பலில் அவருக்குப் பிறந்த குழந்தை இறந்தது. தீவை அடைந்த சில வாரங்களில், 1812 நவம்பர் 30ஆம் நாள், பத்தொன்பதே வயதில் அவரும் இறந்தார். மிஷன் பணி என்று சொல்லத்தக்க எதனையும் ஒரு நாளேனும் அவர் செய்யவில்லை. ஆனால் 1814இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் அடங்கிய நூல் அமெரிக்க வீடுகளில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக இடம்பெற்றது. அதனைப் படித்த பெண்கள் கடல் கடக்கத் துணிந்தனர். நியூயோர்க்கில் எட்டு வயதுச் சிறுமியாயிருந்த எலைசா அக்னியூ, பூகோள பாடத்தில் ஆசிரியை மொரீசியசுத் தீவைச் சுட்டி, ஹரியற் நியூவெல் அடங்கிய இடம் இதுவென்று கூறக் கேட்டபோதே தம் வாழ்வைத் தீர்மானித்துக் கொண்டார் என்பர். அச்சிறுமியே பின்னாளில் உடுவில் பெண்கள் பாடசாலையின் அதிபரானார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீவு என்பது இவ்வாசகர்களுக்கு முதலில் ஒரு கல்லறையாகவே அறிமுகமாயிற்று. அங்கு வாழ்வோர் யார் என்பது அன்று. அங்கு யார் மாண்டார் என்பதே செய்தி.

இன்னொரு அறிமுகமும் இருந்தது. ஆங்கிலேயப் பாதிரியாரான றெஜினோல்ட் ஹீபர் 1819இல் ஒரு மிஷன் பாடலை இயற்றினார். உறைபனி நாடுகளிலிருந்து நம் தீவு வரை உலகத்தைச் சுற்றிவரும் அப்பாடல், இலங்கையின் காற்றையும் காட்சியையும் வியந்து போற்றிவிட்டு, அங்கு இழிந்தவன் மனிதன் ஒருவனே என்ற தீர்ப்பை வழங்கிச் செல்கிறது. அதை எழுதும்போது ஹீபர் இலங்கையைக் கண்டவரல்லர். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், மறுநாள் ஆராதனைக்கு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். பின்னர் கல்கத்தாவின் அத்தியட்சராக வந்து, 1825இல் இலங்கையைக் கண்டு, 1826இல் தமிழ் மண்ணாகிய திருச்சிராப்பள்ளியிலேயே மறைந்தார். காந்தியடிகள் 1925இல் கல்கத்தாவில் மிஷனரிமாரிடையே பேசியபோது, இப்பாடல் தம் நெஞ்சில் தைத்த முள்ளென்று குறிப்பிட்டார். காணாத நாட்டின் இயற்கையைக் கற்பனையால் போற்றலாம். அதனால் ஒருவருக்கும் கேடில்லை. காணாத மனிதரைக் கற்பனையால் இகழ்வது அத்தகையதன்று. ஏனெனில் அந்தக் கற்பனையைச் சுமந்துகொண்டே பின்னர் ஆட்கள் வந்து இறங்கினர்.

அவ்வாறு வந்து இறங்கியவர்களுள் எழுத்தால் நிலைபெற்றவர் ஹரியற் வின்சுலோ. 1796இல் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரிற் பிறந்து, 1819இல் மைரன் வின்சுலோவை மணந்து, அவ்வாண்டே பொஸ்ரனில் கப்பலேறி, 1820இல் உடுவிலில் குடிபுகுந்தார். 1824இல் அங்குப் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அவருடைய நாட்குறிப்பையும் கடிதங்களையும் கணவர் தொகுத்து, இலங்கை மிஷனின் வரலாற்றுச் சுருக்கத்தோடு 1835இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தங்கையர் மூவரும் அவரைப் பின்பற்றி இத்தீவுக்கு மிஷனரிமாரின் மனைவியராக வந்தனர் என்பதிலிருந்து அவ்வாழ்வின் ஈர்ப்பு எத்தகையது என்பதை உணரலாம்.

இந்நூலில் உண்மையான இலக்கியப் பண்பு இல்லையென்று நாம் கூறமாட்டோம். தன்னைத் தானே விசாரணைக்கு உட்படுத்திக்கொள்ளும் ஒரு நெஞ்சம் அதில் இருக்கிறது. தாயைப் பிரிவது கடமையா, தற்பெருமையா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் நேர்மை இருக்கிறது. ஒரு கடிதத்துக்கு மறுமொழி கிடைப்பதற்குப் பல மாதங்கள் செல்லும் காலம் அது. மூத்த மகன் சாள்ஸைப் படிப்புக்கென அமெரிக்காவுக்கு அனுப்பினார். பதினொரு வயதுச் சிறுவன் போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில், 1832இல், அங்கே இறந்தான். பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருந்த தாய்மார் நம்மூரில் வீட்டுக்கொருவர் உண்டு. அவர்கள் இந்தப் பக்கங்களை மதபேதம் பாராது படிப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நூலை மூடிவைத்த பின் ஒரு வெறுமை எஞ்சுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்த உடுவிலில், அவரோடு பழகிய தமிழ்ப் பெண் ஒருத்தியின் முகமேனும் நம் கண்முன் நிற்கவில்லையே, ஏன்?

நம் திணைக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் ஆகிய ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றினும் சிறந்தது உரிப்பொருளே. அதுவே மாந்தரை மாந்தராக்குவது. மிஷனரி எழுத்தில் நம் நிலம் முதற்பொருளாக வருகிறது: வெயில், பனந்தோப்பு, மாரிக்காலத்துப் பெருமழை. நம் மக்களும் வருகின்றனர். ஆனால் கருப்பொருளின் வரிசையில், கோயிலோடும் மேளத்தோடும் மாட்டோடும் மரத்தோடும் சேர்ந்து வருகின்றனர். இரங்குவதும் ஏங்குவதும் ஐயுறுவதும் தெளிவதும் எழுதுபவருக்கு மட்டுமே உரியன. அஞ்ஞானிகள் என்ற ஒரு சொல்லுக்குள் ஓர் ஊர் முழுவதும் அடைக்கப்பட்டுவிடுகிறது. ஒப்பாரி வைப்பவளின் ஓசை அவர்களுக்குக் கேட்கிறது. அவள் எதற்காக அழுகிறாள் என்பது கேட்கவில்லை.

இதனை ஒரு பெண்ணின் தனிக்குறையாகக் கொள்வது சரியான விமர்சனமாகாது. எழுத்தின் உருவத்தை அதன் தேவை நிர்ணயிக்கிறது. இக்கடிதங்களும் அறிக்கைகளும் பொஸ்ரனில் அச்சாகி, நியூ இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டு, விவசாயிகளும் கைவினைஞரும் தையற்காரப் பெண்களும் தங்கள் சிறு சேமிப்பிலிருந்து காணிக்கை அளிப்பதற்குத் தூண்டுகோலாக அமைந்தவை. காணிக்கை பெருக வேண்டுமாயின் இருள் கரியதாயிருத்தல் வேண்டும். சீர்தூக்கி வாழும் குடும்பம், ஏடு படிக்கும் புலவன், தன் மதத்தைத் தர்க்கித்து நிறுவும் அயலான் ஆகியோர் பணம் சேர்க்க உதவார். எனவே மக்கள் மங்கலாயினர்.

இதன் உச்சத்தைப் பெயரிடும் வழக்கத்திற் காணலாம். அமெரிக்கக் கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர் விரும்பும் பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற பேரறிஞர் பலர் இவ்வாறே இரட்டைப் பெயர் தாங்கினர். கடல் கடந்த ஊரில், ஒருபோதும் காணாத ஒருவரின் நினைவுச் சின்னமாக ஒரு தமிழ்ப் பிள்ளை நடமாடினான். எழுத்தில் முகம் இழந்தவன் வாழ்வில் பெயரையும் இழந்தான் எனலாம். ஆனால் அவர்கள் பின்னொட்டாக இருந்த தம் பெயரை விட்டுவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. அந்தப் பின்னொட்டில் இருப்பது ஒரு முழு வரலாறு.

சமத்துவம் பேசிவந்த இயக்கம் நம் சமூக அமைப்போடு செய்துகொண்ட சமரசங்களும் இந்த நூல்களில் மங்கலாகவே தெரிகின்றன. வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவருள் பெரும்பாலோர் வேளாளர் குலத்தினர்; ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. உடுவிலிற் படித்த பெண்கள் கிறிஸ்தவக் கணவரை அடைவதற்காக மிஷனே சீதனம் வழங்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் எழுதியிருப்பின் மிஷன் நூல் யதார்த்த இலக்கியமாகியிருக்கும். எழுதாமையால் தியாக வரலாறாக நின்றுவிட்டது. வரலாற்றின் விசித்திரம் ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம்: 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராசாங்க அமைச்சராகவிருந்து, ஆசிய நாடுகளை ஒளியின் முகாம், இருளின் முகாம் என்று பிரித்த ஜோன் பொஸ்ரர் டல்லஸ், உடுவில் வின்சுலோ தம்பதியரின் கொள்ளுப்பேரர். குருதியால் கருத்து வருவதில்லை. ஆனால் உலகை இரு நிறத்தில் மட்டும் காணும் பழக்கம் வீட்டு நூலடுக்கிலிருந்தும் வரலாம்.

இதுவரை கூறியதோடு கட்டுரையை முடித்துவிடின் நாம் பாதி உண்மையே கூறியவராவோம். மறுபாதியைக் காட்ட அதே வின்சுலோவையே எடுத்துக்கொள்வோம். 1835இல் மனைவியின் வரலாற்றைத் தொகுத்தவர், 1862இல் சென்னையில் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அவ்வகராதி, நல்லூரில் பணியாற்றிய யோசேப்பு நைற் பாதிரியார் தொடங்கிய தொகுப்பின்மீதும் தமிழ் அறிஞர் பலரின் உழைப்பின்மீதும் எழுந்தது. இரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலம் இருபத்தேழு ஆண்டு. முதல் நூலில் நம் மக்களின் சொல் இல்லை. இரண்டாம் நூலில் நம் மக்களின் சொல்லையன்றி வேறெதுவும் இல்லை. உழவன் சொல், தச்சன் சொல், தாலாட்டுபவள் சொல், சாபமிடுபவன் சொல் எல்லாம் அகர வரிசையில் சமமாக அமர்ந்தன. ஒரு மனிதன் இருபத்தேழு ஆண்டுகள் பிறர் மொழிக்குச் செவிசாய்த்தால் எங்கிருந்து எங்குச் செல்ல முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மருத்துவர் சாமுவேல் கிறீனும் இவ்வழியிற் சென்றவரே. 1847இல் வந்து 1873 வரை பணியாற்றிய அவர், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே புகட்டினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. சாப்மன், டான்போர்த் என்று அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட தமிழ் மாணவரே அம்மொழிபெயர்ப்புகளில் தோள்கொடுத்தனர் என்பது சுவையான முரண். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இயலாதென்று இன்றும் கூறுவோர், தமிழை வயது வந்தபின் கற்ற ஓர் அந்நியரின் முன் வெட்கமடைய வேண்டியவராவர்.

மொழியை ஒப்புக்கொடுத்தவர் அம்மொழி தமக்கு எதிராகத் திரும்புவதையும் ஏற்கவேண்டியிருந்தது. வெஸ்லியன் மிஷனின் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷனரிமாரின் பள்ளிமுறையையும் அச்சு யந்திரத்தையும் பிரசங்க வடிவத்தையும் தமதாக்கி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மத மாற்றத்தினும் உத்தியோகத்துக்கே செமினரி வழிகோலுகிறது என்று கண்ட மிஷன் சங்கம் 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடிற்று. ஆனால் அங்குப் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் பதிப்பித்தார். மிஷனரி எழுத்தை அளப்பதற்கு நாம் மேலே எடுத்துக்கொண்ட திணை என்னும் அளவுகோல் பலர் கைக்கு எட்டியது மிஷன் பள்ளி மாணவர் ஒருவரால் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்வதே நேர்மை.

இனி வன்னிக்கு வருவோம்.

அமெரிக்க மிஷனின் நிலையங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தால் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று குடாநாட்டுக்குள்ளேயே அவை செறிந்திருக்கும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற கோயிற் கட்டிடங்கள் அங்கிருந்தன; மக்கள் நெருக்கமாக வாழ்ந்தனர்; கல்வியை விலைகொடுத்து வாங்கத்தக்க குடும்பங்கள் இருந்தன. ஆனையிறவுக்குத் தெற்கே உடைந்த குளங்களும் மலேரியாக் காய்ச்சலும் சிதறிய குடிகளும் இருந்தன. ஆன்மாக்களைத் தேடி உலகின் மறுகோடிக்கு வந்தவர்களுங்கூட, ஆன்மாக்கள் தொகையாகக் கிடைக்கும் இடத்திலேயே தங்கினர். குடாநாடு இத்தீவின் கல்விப் புகழைப் பெற்றதற்கும், வன்னி உயர்தரப் பள்ளிகளுக்காக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருந்ததற்கும் இருந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. தெய்வ சித்தத்தின் படமும் பொருளாதாரத்தின் படமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கக் காண்கிறோம்.

வன்னிக்கும் கிறிஸ்தவம் வந்தது. ஆனால் வேறு வழியாக வந்தது. அனுப்பப்பட்டு வந்ததன்று, அடைக்கலம் தேடி ஓடிவந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன என்பது மருதமடுவின் தலவரலாறு. அந்த ஒடுக்குமுறையின் நடுவே 1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். கொங்கணப் பிராமணக் குடும்பத்திற் பிறந்தவர் பிச்சைக்காரராகத் தெருவில் நடந்தார் என்பது சாதி வெறி மிகுந்த நம் சமூகத்தில் சிறிய செய்தியன்று. (அவர் சார்ந்த கோவாக் குருமார் சபை அந்நாளில் பிராமணரையே சேர்த்துக்கொண்டது என்ற முரணையும் மறைக்கவேண்டியதில்லை.) அவருக்குப் பின் கப்பல் நிறைய ஆட்களை அனுப்பும் அரசு எதுவும் இருக்கவில்லை. 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு, 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதர் பட்டம் அளித்து, அன்றே மடுவுக்கும் வந்தார்.

வாஸ் அடிகள் வழியில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளே நம் விமர்சனத்துக்கு உரியவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் பல இயற்றி, 1742இல் மறைந்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் நம் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதன் உரைநடையைத் தூய தமிழ் என்று எவரும் கூறார். வடமொழிச் சொற்களும் பழங்காலத்து வாக்கியங்களும் மலிந்தது அது. ஆனால் அதில் அந்நியர் தம் வீட்டுப் பிரிவை எழுதவில்லை. மகனை இழந்த ஒரு தாயின் இரங்கலை, நம் பெண்கள் மாரடித்து அழும் ஓசைக்கு அருகே கொண்டுவந்து வைத்தார். உரிப்பொருளை நம்மவர் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததன் பொருள் பின்னரே விளங்கிற்று. 1990களில் ஆயிரக்கணக்கானோர் மடுவில் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் அங்கு வீழ்ந்த எறிகணைகளில் அடைக்கலம் புகுந்த மக்கள் பலர் மாண்டனர். 2008இல் திருவுருவமே மீண்டும் இடம்பெயர்ந்தது. 2009இன் பின்னர், மகனைத் தேடும் தாய்மார் நிறைந்த வன்னியில் அப்பழைய பிரசங்கத்தின் இரங்கல் யாருடையது என்று எவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. சவத்தைப் பெற்று மடியில் வைத்து அழும் பேறு பெற்றவள் மரியாள். அதுவும் பெறாத தாய்மார் அதனைக் கேட்டிருந்தனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையிலிருந்து வந்த ஒருவர் இதனை நினைத்திருக்க முடியாது. நினையாத பொருளையும் தாங்கும் வலு அவ்வெழுத்துக்கு வந்தது, அது தன்னைப் பற்றியதாக இல்லாமையினாலேயே.

தீவு தேடிச் செல்லும் பழைய வேட்கை இன்னும் ஓயவில்லை. 2018 நவம்பரில் ஜோன் அலன் சௌ என்னும் அமெரிக்க இளைஞர் அந்தமானின் வட சென்ரினல் தீவில் வேதம் கூறச் சென்று அங்குள்ளோரால் கொல்லப்பட்டார். அத்தீவினரின் மொழி வெளியுலகில் எவருக்கும் தெரியாது. அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பில் அச்சமும் உறுதியும் பிரார்த்தனையும் உண்டு, எல்லாம் அவருடையவை. ஹரியற் நியூவெல்லின் நூலுக்கு இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வடிவம் மாறவில்லை. அவ்விளைஞரின் சாவுக்காக வருந்துவோம். ஆனால் அந்தத் தீவு யாருடைய கதையிலும் களமாக இருக்க மறுத்த உரிமையை நாம் மறுக்கமாட்டோம்.

பிறரை இவ்வளவு கூறிய பின் நம்மை நோக்காது விடுவது அறமன்று. வன்னிக்கு வெளியிலிருந்து வருவோர் பாதிரிமார் மட்டுமல்லர். குடியேற்றத் திட்டங்களோடு குடாநாட்டார் வந்தனர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் உயிர் தப்பி வந்து, பிறர் வயலில் கூலிகளாயினர். இவர்களோடு அரசாங்க உத்தியோகத்தரும் ஆசிரியரும் வந்தனர். கல்வித் திணைக்களத்தின் ஏடுகளில் நம் ஊர்கள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்றே வகுக்கப்பட்டுள்ளன. யாருக்குக் கஷ்டம் என்று அச்சொல் கூறுவதில்லை. அங்கேயே பிறந்து வாழும் பிள்ளைக்கு அது ஊர். வந்து போகிறவருக்கே அது கஷ்டம். ஹீபர் பாடலின் கண்ணோட்டம் நம் சுற்றுநிருபத்தில் நல்ல தமிழில் குடிகொண்டிருக்கிறது.

ஆசிரியராகிய நாம் கட்டாய சேவைக் காலத்தை நாட்காட்டியில் அழித்துக்கொண்டு வருகிறோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மணி அடிக்குமுன்பே நம் கண் கண்டி வீதிப் பேருந்தின்மேல் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்தவரின் பேரப்பிள்ளைகள் என்று வகுப்பின் பின்வரிசையைச் சுட்டும் வழக்கம் ஆசிரியர் அறைகளில் அற்றுப்போகவில்லை. அப்பிள்ளையின் வீட்டில் என்ன நேர்ந்தது, எத்தனை முறை இடம்பெயர்ந்தான், தந்தை உண்டா இல்லையா என்று அறியாமலே ஐந்தாண்டு கற்பித்துவிட்டு இடமாற்றம் பெறுகிறோம். எலைசா அக்னியூ 1840இல் வந்து 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. தம் பள்ளியிற் படித்த ஆயிரம் பெண்களின் தாய் என்று அவர் அழைக்கப்பட்டார். அவருடைய மதக் கொள்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அவருடைய கண்ணின் குறையை மட்டும் நாம் பெற்று, அவருடைய காலின் உறுதியைப் பெறாது போனோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நம் புனைகதை இதனை முன்பே கண்டுகொண்டது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் கிராமத்தை அதன் உள்ளிருந்து எழுதிய நாவல். அங்கும் வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியன் வருகிறான். அவன் கொடியவனல்லன், கற்றவன், நயமானவன். அந்த நயமே ஓர் எளிய குடும்பத்தின் நிம்மதியைக் குலைக்கிறது. உயரப் பறவாத நிலக்கிளியைப் போன்றவளென்று காட்டப்படும் பதஞ்சலிக்கு நாவலாசிரியர் ஏக்கத்தையும் தவிப்பையும் குற்ற உணர்வையும் முழுமையாக வழங்கினார். வந்தவனின் கதையாக ஆகியிருக்கக்கூடியது இருந்தவளின் கதையாயிற்று. மண்ணைச் சார்ந்த எழுத்து என்று நாம் போற்றுவது பேச்சுமொழியையோ காட்டு மரங்களின் பெயர்ப் பட்டியலையோ அன்று. உரிப்பொருளை உரியவர்க்கு அளித்தலையே ஆகும்.

போரின் பின்னர் வன்னியைப் பற்றி எழுதுவோர் பெருகியுள்ளனர். தொண்டு நிறுவன அறிக்கைகள், பயணக் கட்டுரைகள், புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்து எழுதும் நினைவுகள், புதிய சபைகளின் சாட்சியங்கள் என்று அவை பலவகைப்படும். அவற்றிற் பலவற்றில் முள்ளிவாய்க்காலின் மணல் முதற்பொருளாகவும், காலிழந்தவரும் கணவரை இழந்தவரும் கருப்பொருளாகவும், எழுதுபவரின் கண்ணீர் மட்டும் உரிப்பொருளாகவும் இருக்கக் காண்கிறோம். கொடையாளரின் மனத்தை உருக்க வேண்டிய தேவை பொஸ்ரனோடு ஒழிந்துவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது எளியது. வன்னிக்கு யார் வேண்டுமாயினும் வருக. இம்மண்ணே வந்தவர்களால் ஆனதுதான். வேதத்தோடு வரினும், பாடப்புத்தகத்தோடு வரினும், உதவித் திட்டத்தோடு வரினும், முதலில் பெயரைச் சரியாகக் கேட்டறியட்டும். எழுத நேர்ந்தால், தம் பிரிவின் துயரத்தை எழுதுவதற்குமுன், எதிரே இருப்பவள் எதற்காக அழுகிறாள் என்று அவள் மொழியிலேயே கேட்கட்டும். அகராதி தொகுக்க இருபத்தேழு ஆண்டு காத்திருக்கவேண்டியதில்லை. பின்வரிசைப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை நடந்து செல்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.